வாரியம் தந்த பத்து நிமிடம்

அளவீட்டு வாரியத்திலிருந்து கடிதம் வந்த அன்று சான்றிதழ் அலுவலகத்தின் மேலாளர் மூன்று முறை எழுந்து நின்றார். உறையைப் பார்த்ததும் ஒரு முறை, முத்திரையைப் பார்த்ததும் ஒரு முறை, உள்ளே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு முறை. கையெழுத்துப் போட்டவர் எதிரில் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நின்றுகொண்டு படித்தால் விஷயத்தின் கனம் கொஞ்சம் குறையும் என்பது அவருடைய இருபத்தெட்டு வருட அனுபவம்.

இந்த முறை குறையவில்லை. ‘தங்கள் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வழங்க நாற்பத்தொரு நிமிடம் ஆகிறது. அனுமதிக்கப்பட்டது பத்து நிமிடம். குற்றம் புரோகிராமுடையதா, அதன் பொறுப்பாளருடையதா என்பது மூன்று நாள் நேரில் அளந்து முடிவு செய்யப்படும். புரோகிராம் எனில் அது நீக்கப்படும். பொறுப்பாளர் எனில் அவர் தீவுக் கிளைக்கு மாற்றப்படுவார். இரண்டும் எனில் இரண்டும்’ என்று இருந்தது.

புரோகிராமை எழுதியவரும் பொறுப்பாளரும் ஒருவரேதான். கணினி அக்கா. மேலாளர் அவரைவிட இரண்டு வயது பெரியவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருடமாக அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொண்டு, கூடத்தின் பின்னால் இருந்த சின்ன அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி. தீவுக் கிளை என்பது வாரத்துக்கு இரண்டு படகு போகிற இடம். அங்கே கணினி கிடையாது. பழைய பேரேடுகள் உண்டு. அவற்றைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. தின்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது.

அன்று மாலை அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.

“தீவுக்கு எந்த பஸ்ஸுங்க போகும்?”

“எதுவும் போகாது. நானே வண்டியை எடுத்துட்டு வந்தாலும் தண்ணிகிட்ட எறக்கி விட்டுட்டு டாட்டா காட்டணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்குச் சோறு வடிக்கத் தெரியாதே” என்றார்.

“உங்க கவலை உங்களுக்கு.”

“நாற்பத்தொரு நிமிஷம் நெசமாவே ஆகுதா?”

அதுதான் அக்காவுக்கும் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு வரை ஏழு நிமிடம், எட்டு நிமிடம். புரோகிராமில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலிகளின் நிறமே மாறிவிட்டது. எங்கேயோ நேரம் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கே என்று தெரிந்தால் அடைத்துவிடலாம்.

அந்தப் புரோகிராம் நான்கு வேலை செய்தது. டோக்கன் எண்ணைக் கூப்பிடும், பழைய பதிவைத் தேடும், சான்றிதழை அச்சடிக்கும், மணிக்கு ஒரு தரம் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பும். ஒருத்தியே நான்கு அடுப்பைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு அடுப்பின் பக்கம்தான் திரும்ப முடியும். ஆனால் கணினி அத்தனை வேகமாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் நான்கும் ஒன்றாகக் கொதிப்பதுபோல நமக்குத் தோன்றும். இப்போது எந்த வேலையின் முறை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அக்கா ஆரம்பத்திலேயே திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வைத்திருந்தார். கூப்பிடும்போது பச்சை, தேடும்போது மஞ்சள், அச்சடிக்கும்போது நீலம், அறிக்கைக்குச் சிவப்பு. நான்குக்குமே முறை கிடைக்காத சமயத்தில் கட்டம் வெள்ளையாக இருக்கும். வெள்ளை என்றால் வேலை இல்லை, ஓய்வு என்று அக்கா எண்ணியிருந்தார். அந்தக் கட்டம் இருந்தது கூடத்தில், கவுண்டர்த் திரையில். அக்கா இருந்தது பின்னறையில். வைத்தவர் அதைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

வாரியம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. தலைமை அளவர் ஒருவர், கடிகார அளவர்கள் நான்கு பேர், ஒரு மடக்கு மேசை, மேசைக்கு ஒரு பச்சை விரிப்பு, விரிப்பு பறக்காமல் இருக்க நான்கு பித்தளை எடைகள். தலைமை அளவரின் கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கியது. அதைத் தொட்டுக்கொண்டுதான் பேசுவார்.

வந்ததும் முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டச் சொன்னார்.

“சார், ஜனங்க நேரம் பாப்பாங்க” என்றார் மேலாளர்.

“விதி ஒன்று. வாரியம் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் வாரியத்தின் கடிகாரமே நேரம். மூணு மாசத்துக்கு முன்னால முத்திரை வெச்சு ஒரு தகடு அனுப்பினோமே, உங்க கணினியில போட்டீங்களா?”

“அன்னைக்கே போட்டாச்சு சார். நின்னுகிட்டே போட்டேன்.”

“அதுதான் ‘விழிப்பு’. வாரியத்தின் கண். அதோட கடிகாரம் சொல்றதுதான் மணி. மத்ததெல்லாம் அபிப்பிராயம்.”

பிறகு கூடத்தில் காத்திருந்த நூற்றுச் சொச்சம் பேரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தொடக்க உரை நிகழ்த்தினார். “நண்பர்களே, அளக்கப்படாத வேலை வேலையே அல்ல. இந்த வாரியம் இருபது வருடமாக அளந்துவருகிறது. எந்த அலுவலகத்தையும் நாங்கள் வேகப்படுத்தியதில்லை. அது எங்கள் வேலை அல்ல. ஆனால் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதை எங்களைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது.” அளவர்கள் நால்வரும் கைதட்டினார்கள். உரை நாற்பது நிமிடம் நடந்தது. அந்த நேரம் ‘தாமதம், காரணம் அலுவலகம்’ என்ற தலைப்பில் குறிக்கப்பட்டது.

முன்வரிசையில் ஒரு புது ஜோடி இருந்தது. கல்யாணச் சான்றிதழுக்கு வந்தவர்கள். பெண்ணின் கையில் டோக்கன் எண் அறுபத்தெட்டு. பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் அளவுமுறை எளியது. வேலைக்கு ஓர் அளவர். தன்னுடைய வேலை காலையில் தொடங்கும்போது கடிகாரத்தை அழுத்துவார், மாலையில் முடியும்போது அழுத்துவார். நடுவில் அந்த வேலை தன் முறைக்காகச் சும்மா நின்றதா, கணினி வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததா என்பது அவருக்கு அவசியமில்லை. அறிக்கை வேலை ஒரு மணிக்கு மூன்று நிமிடம்தான் கண் விழிக்கும். மீதி நேரம் தூங்கும். தூக்கமும் அவர் கணக்கில் உழைப்புதான்.

மாலையில் கூட்டிப் பார்த்தார்கள். கூப்பிட்டது ஏழு மணி ஐம்பது நிமிடம். தேடியது ஏழே முக்கால் மணி. அச்சடித்தது ஏழு மணி நாற்பது நிமிடம். அறிக்கை ஏழே முக்கால். மொத்தம் முப்பத்தொரு மணி நேரம்.

தலைமை அளவர் மேலாளரை அழைத்தார். மேலாளர் நின்றுகொண்டுதான் இருந்தார், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

“உங்க அலுவலகத்துக்கு அனுமதிச்ச நேரம் ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“எட்டு மணி நேரம் சார்.”

“இன்னைக்கு முப்பத்தொரு மணி நேரம் செலவாயிருக்கு. மீதி இருபத்துமூணு மணி நேரத்தை எங்கேர்ந்து எடுத்தீங்க?”

மேலாளர் தன் இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“சார், அது ஒரே எட்டு மணி நேரம்தான்” என்றார் அக்கா. “அதையே நாலு பேரும் தனித்தனியா எண்ணியிருக்காங்க.”

“நாலு பேருமே இருபது வருஷ அனுபவம் உள்ளவங்க அம்மா.”

“எண்ணினது தப்பில்ல சார். காத்திருந்ததையும் சேர்த்து எண்ணியிருக்காங்க.”

“காத்திருக்கிறது வேலை இல்லைன்னு சொல்றீங்களா?” தலைமை அளவரின் முகம் சிவந்துவிட்டது. “வாரியத்துல பாதிப் பேர் அதுக்குத்தாம்மா சம்பளம் வாங்குறாங்க.”

அனுமதியின்றி இருபத்துமூன்று மணி நேரம் உபயோகித்ததற்கு விளக்கம் கேட்டு அன்றே ஒரு குறிப்பாணை வந்தது. மேலாளர் ராத்திரி வீட்டுக்குப் போய் எல்லா அலமாரியையும் திறந்து தேடினார் என்று அவர் மனைவி பிறகு சொன்னாராம்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். “என் பஸ்ஸுல நாற்பது பேர் ஒரு மணி நேரம் வந்தா நான் நாற்பது மணி நேரம் ஓட்டினேன்னு எழுதுவாங்க போல. அடுத்த மாசம் ரிட்டயர்டு ஆயிடலாம்.”

“சிரிக்காதீங்க. என்னைத் தீவுக்கு அனுப்பிடுவாங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “சிக்னல்ல நிக்கிற நேரம் என் குத்தமில்ல. அங்க யாரு குறுக்க போறான்னுதான் பாக்கணும். உன் சிக்னல்ல குறுக்க போறது யாரு?”

அந்தக் கேள்வியோடு அக்கா தூங்கப் போனார். தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள், முறைப் பதிவேடு. கணினி ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுத வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்பியது, எதை விட்டது, எதைத் தொட்டது, ஏன். இதற்கான கட்டளைத் துண்டை வாரியமே கொண்டுவந்து புரோகிராமுக்குள் செருகியது.

“ஒரு வினாடிக்கு எத்தனை தடவை திரும்பும் தெரியுமா சார்? நூத்துக்கணக்குல” என்றார் அக்கா.

“நல்லதுதானே. விவரம் கூடுதலா கிடைக்கும்.”

கிடைத்தது. வரி எழுதுவதும் ஒரு வேலை என்பதால் அதற்குத் திரும்பியதையும் எழுத வேண்டியிருந்தது. அதை எழுதத் திரும்பியதையும். பதிவேடு உடனுக்குடன் காகிதத்தில் அச்சாக வேண்டும் என்பது விதி ஆறு. மதியத்துக்குள் ஏழு பெட்டிக் காகிதம் தீர்ந்து, எட்டாவது பெட்டியைக் கடிகார அளவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சான்றிதழ் என்று வெளிவந்தது ஒன்றே ஒன்று. அதிலும் பிறந்தவரின் பெயரில் பாதிதான் இருந்தது. மீதியை அச்சடிக்க முறை வரவில்லை. அவர் அதை வாங்கிக்கொண்டு, “இது போதும்ங்க, இனிமே இப்படியே கூப்பிடச் சொல்லிடறேன்” என்று போய்விட்டார்.

ஊழியர்களுக்கும் ஆளுக்கொரு பித்தளை மணி கொடுத்தார்கள். ஒரு வேலையை விட்டு இன்னொன்றைத் தொட்டால் அடிக்க வேண்டும். மேலாளர் கோப்பைத் திறந்து ஒரு தடவை அடித்தார். பேனாவை எடுத்து ஒரு தடவை அடித்தார். அப்புறம் தலைமை அளவரிடம் பணிவாகக் கேட்டார்.

“சார், மணியடிக்கிறதும் ஒரு வேலைதானே. அதுக்கு முன்னால ஒரு மணி அடிக்கணுமா?”

தலைமை அளவர் இதை ரசித்தார். “இந்த அலுவலகத்துலயே வாரியத்தைப் புரிஞ்சுகிட்டவர் நீங்க ஒருத்தர்தான்” என்றார். மேலாளர் மாலை வரை மணியடிக்க மணியடித்துக்கொண்டிருந்தார். வேறெதையும் தொடவில்லை.

முன்வரிசையில் புது ஜோடி ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்திருந்தது.

“எங்கம்மா அப்பவே சொன்னாங்க, ஆபீஸ் விவரம் தெரியாத ஆளுன்னு.”

“உங்கம்மாவை வந்து டோக்கன் எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல.”

இரண்டாம் நாளின் முடிவு: கணினி தன் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு பதிவேடு எழுதுவதில் செலவழித்தது. தலைமை அளவர் நெகிழ்ந்துவிட்டார். “நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு நேர்மை. இப்படி ஓர் அலுவலகத்தை நான் கண்டதில்லை.” பிறகு அக்கா பக்கம் திரும்பி, “மீதி மூணு பங்கு எங்க போச்சு?” என்றார்.

“அரைச் சான்றிதழ் குடுத்தோம் சார்.”

“அதுதான் நேரம் ஒழுகுற இடம்” என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் எதையும் செருகவில்லை. மணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கணினிக்குத் தொந்தரவே கூடாது, எட்டிப் பார்த்தால் போதும் என்று வாரியம் முடிவு செய்திருந்தது. கேட்டதும் அக்காவுக்கு உயிர் வந்தது. எட்டிப் பார்ப்பதுதான் சரியான வழி என்று அவரே சொல்ல நினைத்திருந்தார்.

“எப்ப எப்ப பாப்பீங்க சார்?”

“மணிக்கு ஒரு தரம். சரியா மணி அடிக்கும்போது. ஒழுங்குன்னா அதுதானே?”

வந்த உயிர் போய்விட்டது. “சார், அப்ப மட்டும் பாக்காதீங்க. மணியடிச்சா அறிக்கை போகும். அப்ப எப்பவும் சிவப்பாத்தான் இருக்கும். முன்னப் பின்ன, கண்டபடி பாருங்க.”

“கண்டபடியா?” தலைமை அளவர் கடிகாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். “இருபது வருஷத்துல என்கிட்ட இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லம்மா.”

பத்து மணிக்குப் பார்த்தார். சிவப்பு. பதினொன்றுக்கும் சிவப்பு. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஏழு தடவையும் சிவப்பு. ஏழாவது தடவை கண் கலங்கியதுபோல இருந்தது. நான்கே காலுக்கு எல்லோரையும் எழுப்பி நிறுத்தி முடிவுரை நிகழ்த்தினார்.

“இந்த அலுவலகம் செய்கிற ஒரே வேலை தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்புவதுதான் என்று தெளிவாக நிரூபணமாகியிருக்கிறது. இதைவிடச் சிறந்த அலுவலகம் இருக்க முடியாது. ஆனால் கூப்பிடுவது, தேடுவது, அச்சடிப்பது என்று மூன்று வேலைகளைப் புரோகிராமில் வீணாக வைத்திருக்கிறார்கள். அவை வேலை செய்ததை வாரியம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மூன்றும் நாளை நீக்கப்படும். பதினோரு வருடமாக அவற்றை வைத்திருந்த பொறுப்பாளர் தீவுக்குப் போகிறார்.”

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா தன் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். படகில் வாந்தி வருமா என்ற யோசனை ஓடியது. கதவைத் தள்ளிக்கொண்டு டீக்கார அம்மா உள்ளே வந்தாள். பக்கத்துத் தெருவில் கடை. பெரிய கெட்டிலோடு நாள் முழுக்க அலுவலகத்துக்குள் வந்துபோய்க் கொண்டிருப்பாள். இன்ன நேரம் என்று கிடையாது. கெட்டில் கொதித்தால் வருவாள், கால் வலித்தால் வரமாட்டாள்.

“குடி அக்கா. தீவுல டீ கிடைக்குமோ என்னமோ.”

“வேண்டாம்மா.”

“உன்னைப் பத்தி அந்த ஆளு என்ன வேணா பேசட்டும். எனக்கு உன் புரோகிராம் மேல ஒரு குறையும் இல்ல. மூணு மாசமா வியாபாரம் ரெண்டு மடங்கு. அந்தக் கட்டத்துக்குத்தான் தேங்காய் உடைக்கணும்.”

“எந்தக் கட்டம்?”

“மூலையில கலர் கலரா மாறுதே, அதான். நான் அதைப் பாத்துட்டுத்தான் உள்ள வருவேன். பச்சைன்னா ஜனம் கவுண்டருக்கு ஓடும், ஒருத்தன் டீ வாங்க மாட்டான். மஞ்சள்னா வாயைப் பாத்துட்டு நிக்கும். நீலம்னா பிரிண்டர்கிட்ட முட்டிக்கும். வெள்ளைன்னா அத்தனை பேரும் கன்னத்துல கை வெச்சிருப்பான். அப்ப போனா கெட்டில் காலி.”

அக்கா மெதுவாகத் திரும்பினார். “வெள்ளைன்னா ஓய்வும்மா. ஆளே இருக்காது.”

“யாரு சொன்னா? உட்கார இடமில்லாம நிப்பாங்க. அப்பத்தான் வெள்ளை.” டீக்கார அம்மா இடுப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். டீக் கோப்பை வந்த பெட்டியின் மூடி. அதில் பேனாவால் கோடு கோடாக இழுத்திருந்தது. “ஏன் இப்படி ஓடுதுன்னு எனக்கே ஒரு நாள் யோசனை. போன ரெண்டு வாரமா வர்றப்பல்லாம் ஒரு கோடு போட்டேன். எண்ணிப் பாரு.”

அக்கா எண்ணினார். அறுபது தடவை எட்டிப் பார்த்திருந்தாள். பச்சை நான்கு, மஞ்சள் ஐந்து, நீலம் மூன்று, சிவப்பு ஒன்று. வெள்ளை நாற்பத்தேழு.

கூடம் நிறைய ஆள், அறுபதில் நாற்பத்தேழு தடவை நான்கு வேலைக்கும் முறை இல்லை. அப்படியானால் முறை யார் கையில்? வீட்டுக்காரர் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. அக்கா எழுந்து கவுண்டருக்குப் போனார். தன் புரோகிராமை அல்ல, அந்தக் கணினிக்குள் ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திறந்து பார்த்தார். அடியில், எல்லோருடைய முறையையும் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ‘விழிப்பு’. நான்கு வேலைகளையும் கணத்துக்குக் கணம் கவனித்துக் குறித்தது. குறித்தது சரியா என்று குறித்தது. அப்படிக் குறித்ததையும் குறித்தது. மூன்று மாதமாக.

தலைமை அளவரிடம் போய்ச் சொன்னார். அவர் பட்டியலை நிதானமாகப் புரட்டினார்.

“விழிப்பு குடுத்த கணக்குல விழிப்புங்கற பேரே இல்லையே.”

“அது தன்னை மட்டும் எழுதாது சார்.”

“விதி நான்கு. அளப்பவர் அளக்கப்படுபவர் அல்லர். சரி, உங்க ஆதாரம் என்ன?”

அக்கா பெட்டி மூடியை நீட்டினார். தலைமை அளவர் அதை மோந்து பார்த்தார்.

“இது எந்தக் கருவி?”

“நான்தான்” என்றாள் டீக்கார அம்மா.

“எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்தீங்க?”

“கெட்டிலைக் கேளுங்க.”

“அங்கீகாரம் இல்லாத கருவி” என்று மூடியைத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு ஆறு பத்துக்கு ரயில். மேலாளரே, எங்க பணிமுடிப்புச் சான்றிதழைக் குடுங்க. அது இல்லாம தலைமையகத்துல எங்களை உள்ளே விடமாட்டாங்க.”

மேலாளர் நின்றபடி சொன்னார். “டோக்கன் எடுக்கணும் சார்.”

தலைமை அளவருக்கு எண் இருநூற்றுப் பன்னிரண்டு கிடைத்தது. காலியாக இருந்தது ஒரே நாற்காலி, புது ஜோடிக்கு நடுவில். உட்கார்ந்தார். அப்போது கூப்பிட்டுக்கொண்டிருந்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவர்களுடைய எண் இருநூற்றொன்று. மூன்று நாளில் மூன்றாவது டோக்கன்.

“சார், நீங்களே சொல்லுங்க, மூணு நாளா ஒரு சான்றிதழ் வாங்க வக்கில்லாத ஆளு வீட்டை எப்படி நடத்துவாரு?” என்றாள் இடப்பக்கம் இருந்தவள்.

“சார், விவாகரத்துக்கும் இதே கவுண்டரான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றான் வலப்பக்கம் இருந்தவன்.

தலைமை அளவர் கழுத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணியில் எண் நூற்றுத் தொண்ணூற்றெட்டிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனது. இருபது வருடத்தில் முதல் தடவையாக, தான் அளக்கும் நேரத்துக்குள்ளேயே அவரும் உட்கார்ந்திருந்தார். டீக்கார அம்மா எதிரில் வந்து நின்று கட்டத்தை எட்டிப் பார்த்தாள்.

“வெள்ளை. டீ வேணுமா?”

அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கோப்பை குடித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அம்மா, விழிப்பை நிறுத்தினா எனக்கு எத்தனை நிமிஷத்துல வரும்?”

“அஞ்சு நிமிஷம் சார்.”

“நிறுத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. இடைநிறுத்தம் செய்யலாம். பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு வினாடி கூடாது.” அந்த இடத்திலேயே தொடையில் வைத்து ஆணை எழுதினார்.

மேலாளர் இருமினார். “சார், கருவி இடைநிறுத்தத்துல இருக்கிறப்ப பொறுப்பாளரை மாத்தக் கூடாதுன்னு விதி பன்னிரண்டு...”

“தெரியும். அதையும் எழுதுறேன்.” கீழே ஒரு வரி சேர்த்தார். ‘மேற்படி பத்து நிமிடம் முடிந்தவுடன் விழிப்பு மீண்டும் இயக்கப்படும். பொறுப்பாளரின் மாறுதலும், மூன்று வேலைகளின் நீக்கமும் அக்கணமே அமலுக்கு வரும்.’ கையெழுத்துப் போட்டு, விழிப்பின் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். நான்கு ஐம்பத்திரண்டு.

அக்கா நிறுத்தினார்.

கட்டம் பச்சையானது, மஞ்சளானது, நீலமானது, கண் வலிக்கிற மாதிரி மின்னியது. அச்சு இயந்திரம் மூன்று மாதத் தூக்கம் கலைந்து தட்தட்டென்று துப்பியது. புது ஜோடியின் கையில் கல்யாணச் சான்றிதழ் வந்தது. அவன் அதை வாசித்தான், அவள் எட்டி வாசித்தாள், இருவரும் பேர் சரியாக இருப்பதைக் கண்டு ஏமாந்ததுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றாகவே வெளியே போனார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு நான்காவது நிமிடத்தில் வந்துவிட்டது. தலைமை அளவர் சான்றிதழை வாங்கினார், விரிப்பைச் சுருட்டச் சொன்னார், பித்தளை எடைகளோடு ஐந்து பேரும் ரயிலுக்கு ஓடினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடிகாரம் அவர் மார்பில் டங் டங் என்று இடித்துக்கொண்டே போனது.

மறுநாள் காலை அக்கா ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். மேசையில் இருந்தவற்றை அதில் அடுக்கினார். பிறகு ஆணைப்படி விழிப்பை இயக்கக் கவுண்டருக்குப் போனார். மேலாளர் குறுக்கே வந்து நின்றார். விதி என்றால் உயிரை விடுகிற மனிதர், முகம் வெளுத்திருந்தது.

“என்னக்கா செய்றீங்க?”

“பத்து நிமிஷம் ஆச்சு சார். இயக்கணும்ல.”

“ஆச்சா? எந்தக் கடிகாரப்படி?”

அக்கா சுவரைப் பார்த்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தது.

“விதி ஒன்று. விழிப்போட கடிகாரம் சொல்றதுதான் மணி. என்ன சொல்லுது பாருங்க.”

பார்த்தார். நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது. நான்கு ஐம்பத்திரண்டு.

“இன்னும் ஒரு வினாடிகூட ஆகலியேக்கா” என்றார் மேலாளர் நிஜமான பயத்தோடு. “பத்து நிமிஷம் முடியறதுக்குள்ள இயக்கினா என் வேலை போயிடும். முடிஞ்சதும் செய்யலாம். அதுவரைக்கும் நீங்க அந்தப் பெட்டியைப் பிரிச்சு வெச்சுட்டு உங்க இடத்துல உட்காருங்க.”

ஆறு மாதம் கழித்து வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலாளர் மூன்று தடவை எழுந்து நின்று படித்தார். ‘பத்து நிமிடம் முடிந்திருக்கக்கூடும் என்று வாரியம் கருதுகிறது. அங்கீகரிக்கப்பட்ட கடிகாரத்தைப் பார்த்து உறுதிசெய்யவும்.’ அவர் போய்ப் பார்த்து, ‘நான்கு ஐம்பத்திரண்டு’ என்று பதில் எழுதினார். ‘நன்று, தொடரவும்’ என்று வந்தது. டீக்கார அம்மாவுக்கும் ஒரு தாள் வந்தது. அவளை அங்கீகரிக்கப்பட்ட கருவியாக ஏற்றிருப்பதாகவும், இனி சரியாக மணிக்கு ஒரு தரம் வர வேண்டும் என்றும் இருந்தது. அவள் அதை மடித்து ஆடுகிற பெஞ்சின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். வியாபாரம் படுத்துவிட்டதில் அவளுக்கு அக்கா மேல் கொஞ்சம் கோபம்தான்.

அதற்கும் அடுத்த வருடம் ஒரு நாள் முற்பகலில் அந்த ஜோடி மறுபடி வந்தது. பெண்ணின் தோளில் ஒரு குழந்தை தூங்கியது. பிறப்புச் சான்றிதழ். பையன் கூடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். இந்தத் தடவை மதியச் சாப்பாடும், குழந்தைக்கு மாற்றுத் துணியும், ஒரு தலையணையும் கொண்டுவந்திருந்தான். அக்கா அப்போது கவுண்டர்ப் பக்கம் வந்திருந்தார்.

“மேடம், எவ்வளவு நேரம் ஆகும்? தெரிஞ்சா இவங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன்.”

டீக்கார அம்மா கெட்டிலோடு உள்ளே தலையை நீட்டினாள். கட்டம் நீலமாக இருந்தது. உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அக்கா கணினிக்குள் நின்றிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப மணி நாலு அம்பத்திரண்டு தம்பி” என்றார். “அஞ்சு அடிக்கிறதுக்குள்ள குடுத்துடலாம்.”